பெருவில் 12 நாள்: முதலில் பயண வரிசையை மாற்றுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள், மனைவி, 62 வயது அம்மா, மூன்று பேரும் சைவம். ஜூன் மாதம் சென்னையிலிருந்து பெரு போகிறீர்கள், அங்கே கையில் 12 நாள். லிமாவில் இறங்கி மறுநாளே குஸ்கோ, அதற்கு அடுத்த நாள் விடிகாலையில் கிளம்பி மச்சு பிச்சு என்ற பழைய மலை ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரியே குஸ்கோ, அதற்கு அடுத்த நாள் வானவில் மலை, பிறகு டிட்டிகாகா ஏரி, பாலைவனத்தில் வரைந்த நாஸ்கா கோடுகள், திரும்ப லிமா. இது சரியாக வருமா, எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் இந்த வரிசையில் போனால் மூன்றாம் நாள் உங்கள் அம்மா ஹோட்டல் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார், நீங்கள் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டாவது தடவை ஐந்து வாரம் தங்கினேன். முதல் தடவை கிட்டத்தட்ட உங்கள் திட்டம்தான் என்னுடையதும். குஸ்கோவில் இறங்கிய அன்றே பையைத் தூக்கிக்கொண்டு சான் பிளாஸ் பகுதியின் படிகளில் ஏறினேன். அன்று ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி, கண்ணை மூடினால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது. அப்போது எனக்கு 34 வயது, எந்த நோயும் கிடையாது. உயரத்துக்கு வயதும் தெரியாது, உடல்பலமும் தெரியாது.

எண்களைப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். குஸ்கோ 3,400 மீட்டர். அதாவது தொட்டபெட்டா உச்சிக்கு மேல் இன்னும் 750 மீட்டர் போய் அங்கே ஒரு பெரிய ஊர். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே இருக்கும். லிமா கடலோர ஊர், விமானம் ஒன்றே கால் மணி நேரத்தில் உங்களை அந்த உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். உடம்பு பழக ஒரு நாள்கூடக் கிடைக்காது. ஆனால் மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே! பலர் மச்சு பிச்சு உயரம் என்று பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது குஸ்கோவைப் பார்த்துத்தான். உங்கள் பட்டியலில் உள்ள வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல், டிட்டிகாகா ஏரி 3,800 மீட்டருக்கு மேல்.

ஆகவே நான் செய்யச் சொல்வது ஒன்றுதான்: குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாதீர்கள். வாசலிலேயே காரைப் பிடித்து நேராக உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். புனிதப் பள்ளத்தாக்கு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒயந்தைதாம்போ ஊர் 2,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே, விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம். வழியில் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கும், அது பரவாயில்லை, எவ்வளவு உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். அங்கே மூன்று ராத்திரி, அப்புறம் மச்சு பிச்சு, அதற்கு அப்புறம் குஸ்கோ. தாழ்விலிருந்து மேலே. இப்படிப் போனால் குஸ்கோவுக்கு வரும்போது உடம்பு ஓரளவு பழகியிருக்கும்.

மருந்து பற்றி. அசிட்டசோலமைடு என்ற மாத்திரை, டயமாக்ஸ் என்று நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது, உயர நோயைத் தடுக்க உதவும். வழக்கமாக ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். ஆனால் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை இருந்தால், அல்லது சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. போவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். லேசான தலைவலி வந்து போவது சகஜம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நிற்காமல் வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் உடனே கீழே இறங்க வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

எல்லா ஹோட்டலிலும் கோகா இலை டீ வைத்திருப்பார்கள். குடிக்கலாம், அங்கே அது சட்டப்படியானது, ஆண்டிஸ் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக மெல்லும் இலை. ஆனால் ஊருக்கு நினைவுப் பரிசாக ஒரு டீப் பையைக்கூட எடுத்து வராதீர்கள். இந்தியாவிலும், வழியில் மாறும் பல நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும்.

இனி ஒயந்தைதாம்போ. நான் பெருவில் மிகவும் நேசிக்கும் ஊர் இது, இதற்கு உங்கள் திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. ரயில் ஏறும் இடம் என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இந்த மலைகளை ஆண்ட இன்காக்கள் காலத்தில் போட்ட தெருக்களில், இன்கா காலத்துக் கல் சுவர்களுக்குள், இன்றைக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. தெருவோரம் கல் வாய்க்காலில் மலைத் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி படுத்தால் அந்தச் சத்தம்தான். ஊருக்கு மேலே மலைச்சரிவில் கோயில் இருக்கிறது, ஆறு பெரிய செம்பழுப்புக் கற்களை வரிசையாக நிறுத்திய சுவர். அந்தக் கற்கள் அந்த மலையுடையவை அல்ல. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம், சில கிலோமீட்டர் தள்ளி, உயரத்தில் உள்ள கச்சிகாத்தா கல்குவாரியில் வெட்டி, அங்கிருந்து கீழே இறக்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி இந்தச் சரிவில் ஏற்றியிருக்கிறார்கள். சக்கர வண்டியும் இல்லை, மாடும் இல்லை, இரும்பும் இல்லை. கயிறு, சறுக்குப்பாதை, ஆயிரக்கணக்கான கைகள், அவ்வளவுதான். வழியில் பாதியில் விட்டுப்போன கற்கள் இன்றும் கிடக்கின்றன, ஊர்க்காரர்கள் அவற்றைக் ‘களைத்துப்போன கற்கள்’ என்று சொல்கிறார்கள். கோயிலைப் பார்த்தபின் கீழே இறங்கி அந்தக் கற்களில் ஒன்றின் பக்கத்தில் நின்று மேலே பாருங்கள், வேலையின் அளவு அப்போதுதான் புரியும்.

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. ஸ்பெயின் நாட்டுப் படைத்தலைவர் பிசாரோ 1532 நவம்பர் 16 அன்று கஹாமார்க்கா என்ற ஊரில் 168 ஆட்களோடு இன்கா மன்னர் அதஹுவல்பாவைப் பிடித்தார். ஓர் அறை நிறையத் தங்கம் வாங்கிக்கொண்டும் அடுத்த ஆண்டு அவரைக் கொன்றார். எல்லாம் அதோடு முடிந்துவிட்டது என்று படித்திருப்போம். முடியவில்லை. 1536இல் இன்கா அரச குடும்பத்து மான்கோ இன்கா கிளர்ந்தெழுந்து குஸ்கோவை முற்றுகையிட்டார். இந்த ஒயந்தைதாம்போவில், சமவெளியில் வாய்க்கால்களைத் திறந்துவிட்டுக் குதிரைகளைச் சேற்றில் சிக்கவைத்து ஸ்பானியர்களைத் தோற்கடித்தார். அதன் பிறகு வில்கபாம்பா காட்டுக்குள் போய் அங்கிருந்து அவர் வம்சம் 1572 வரை தாக்குப்பிடித்தது. 1572இல்தான் கடைசி மன்னர் தூபாக் அமாரு குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டப்பட்டார். நாற்பது ஆண்டு! இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுங்கள். படிகள் நிறைய, அம்மாவுக்கு முடியவில்லை என்றால் கீழேயே நீரூற்றுகளைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், அவையும் அருமையான வேலைப்பாடு.

அடுத்த நாள் ஒரு டாக்ஸி பேசி மொராய், மராஸ் இரண்டையும் பாருங்கள். மொராய் என்பது வட்ட வட்டமாகக் கீழே இறங்கும் படிவயல்கள், ஒரு பெரிய கிண்ணம் போல. மேல் தட்டுக்கும் அடித் தட்டுக்கும் வெப்பநிலை மாறும் என்பதால் பயிர்களைப் பழக்கிப் பார்த்த இடமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது நிரூபணமாகவில்லை, ஆனால் வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்வார்கள், கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள். மராஸில் மலையிலிருந்து கசியும் ஒரு சிறிய உப்பு ஊற்று, அதை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பாத்திகளில் பிரித்து விட்டு உப்பு எடுக்கிறார்கள். ஊர்க் குடும்பங்களுக்குச் சொந்தமான பாத்திகள் அவை. இன்கா காலத்துக்கும் முந்தியது என்கிறார்கள். வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளம் பார்த்தவருக்கு மலைச்சரிவில் தொங்கும் உப்பளம் ஒரு தனி அதிசயம்.

இங்கே டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. குஸ்கோ சுற்றுலாச் சீட்டு என்று ஒன்று விற்கிறார்கள், வெளிநாட்டவருக்கு 130 சோல் (சோல் பெருவின் நாணயம்), 10 நாள் செல்லும், ஒயந்தைதாம்போ, பிசாக், மொராய், சின்சேரோ, குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சாய்வாமான் கற்கோட்டை எல்லாம் அதில் அடக்கம். மராஸ், கொரிகாஞ்சா சூரியக் கோயில், குஸ்கோ பேராலயம் அதில் கிடையாது, தனித்தனியாக வாங்க வேண்டும். முதல் இடத்திலேயே இதை வாங்கிவிட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம்.

சரி, மச்சு பிச்சு. விமான டிக்கெட் போட்ட அன்றைக்கே இதற்கும் டிக்கெட் போடுங்கள், ஜூன் மாதம் கூட்ட மாதம். நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, சாதாரண நாட்களில் 4,500, கூட்ட நாட்களில் 5,600. நேரம் குறித்த டிக்கெட், 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுப்பாதைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சில கிளைகள். முதல் பாதை மேலிருந்து படம் எடுப்பதற்கு, ஊருக்குள் சரியாகப் போக முடியாது. மூன்றாவது கீழ்ப்பகுதி. முதன்முறை போகிறவர்கள் இரண்டாவதைப் பிடிக்க முயலுங்கள், அஞ்சலட்டைக் காட்சியும் கிடைக்கும், ஊருக்குள் நடப்பதும் கிடைக்கும், அதனால்தான் அது முதலில் தீர்ந்துவிடுகிறது. இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் அடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியெந்தெஸில் அடுத்த நாளுக்கென்று கொஞ்சம் டிக்கெட் நேரில் விற்கிறார்கள், ஆனால் 62 வயது அம்மாவை வைத்துக்கொண்டு அதை நம்பிப் போக வேண்டாம். டிக்கெட்டில் உள்ள பாஸ்போர்ட் எண்ணும் கையில் உள்ள பாஸ்போர்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், நகல் செல்லாது. உள்ளே கழிப்பறை கிடையாது, வெளியே வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். இதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாலை கிடையாது. ஒயந்தைதாம்போவிலிருந்து ரயில், இரண்டு மணி நேரத்துக்குள், இரண்டு கம்பெனிகள் ஓட்டுகின்றன. விலை அதிகம், ஒரு வழிக்கே அறுபது எழுபது டாலர் சர்வசாதாரணம். பெரிய பெட்டிகளை ரயிலில் ஏற்ற விட மாட்டார்கள், ஒயந்தைதாம்போ ஹோட்டலிலேயே விட்டுவிட்டு ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். முந்தின நாள் மதியமே போய் அடிவாரத்தில் தூங்கி, காலையில் பஸ்ஸில் மேலே போவதுதான் நல்லது. ஒரே நாளில் குஸ்கோவிலிருந்து போய்த் திரும்பினால் பதினைந்து மணி நேர அலைச்சல், இடத்தில் இருப்பது மூன்று மணி நேரம். மலிவு வழி ஒன்று இருக்கிறது, நீர்மின் நிலையம் வரை வேனில் ஆறு ஏழு மணி நேரம், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடை. இளைஞர்கள் போகலாம், உங்களுக்கு இல்லை. நான்கு நாள் இன்கா நடைபாதையும் அப்படியே. அதற்கு நாளைக்கு 500 பேர்தான், சுமை தூக்குபவர்களையும் வழிகாட்டிகளையும் சேர்த்து, மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும்.

உள்ளே போனால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள், நீங்கள் கீழேயும் பாருங்கள். இந்த ஊரை 1450ஐ ஒட்டி பச்சகூத்தி என்ற மன்னர் காலத்தில் கட்டினார்கள், நூறு ஆண்டுக்குள் கைவிட்டார்கள். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு முகட்டில், நிலநடுக்கப் பகுதியில், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது சரியாமல் நிற்கக் காரணம் கண்ணுக்குத் தெரியும் சுவர் இல்லை. படிவயல்களுக்கு அடியில் பெரிய கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், அதன்மேல் மண் என்று அடுக்கி மழைநீரை வடித்துவிட்டிருக்கிறார்கள். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில்தான் என்று அதை ஆராய்ந்த நீரியல் பொறியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மலை ஊற்று ஒன்றிலிருந்து சுமார் 750 மீட்டர் வாய்க்கால் வெட்டி, மூன்று சதவீதத்தை ஒட்டிய மென்சரிவில் தண்ணீரைக் கொண்டுவந்து 16 நீரூற்றுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழவைத்திருக்கிறார்கள். முதல் ஊற்று மன்னர் வீட்டு வாசலில். ஏரி குளம் கண்மாய் என்று தண்ணீரை மதித்த ஊரிலிருந்து போகிறவர்கள் நாம், அந்தப் பதினாறு ஊற்றுகளின் ஓரம் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

வழிகாட்டிகள் ‘1911இல் ஹிராம் பிங்காம் கண்டுபிடித்தார்’ என்பார்கள். யேல் பல்கலைக்கழக ஆசிரியரான அந்த அமெரிக்கர் வந்தது 1911 ஜூலை 24, உண்மை. ஆனால் அவருக்கு வழி சொன்னவர் மெல்சோர் அர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. மேலே போனபோது அங்கே குடும்பங்கள் குடியிருந்து அதே படிவயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன, ஒரு சிறுவன்தான் அவரைச் சுற்றிக் காட்டினான். குஸ்கோவைச் சேர்ந்த அகுஸ்தின் லிசாராகா என்பவர் 1902ஆம் ஆண்டைப் போட்டுத் தன் பெயரை ஒரு சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்காம் அள்ளிக்கொண்டு போன பொருட்களைத் திரும்ப வாங்க நூறு ஆண்டு ஆயிற்று, யேல் பல்கலைக்கழகம் 2011, 2012இல்தான் திருப்பிக் கொடுத்தது. அவை இப்போது குஸ்கோவில் காசா கோஞ்சா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூட்டமே இருக்காது, மச்சு பிச்சு பார்த்த பிறகு அங்கே போனால் இன்னும் நன்றாகப் புரியும்.

மச்சு பிச்சுவிலிருந்து திரும்பியதும் குஸ்கோ, மூன்று ராத்திரி. பெரும்பாலும் நடந்தே பார்க்கலாம், மெதுவாக. கொரிகாஞ்சா என்ற சூரியக் கோயிலை இடித்து அதன் சுவர்களின் மேல் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மடம் பெருஞ்சேதம் அடைந்தது, இன்கா சுவர்கள் அசையவில்லை, மறைந்திருந்தவை வெளியே தெரிய வந்தன. சாந்து வைக்காமல் கல்லோடு கல் பொருந்தி, சுவர் லேசாக உள்பக்கம் சாய்ந்து, வாசல்கள் மேலே குறுகி இருப்பதுதான் காரணம். பேராலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா வரைந்த கடைசி இராவுணவு ஓவியம் இருக்கிறது, இயேசுவின் தட்டில் கினிப்பன்றி. ஆண்டிஸ் மக்கள் விருந்துக்கு என்ன சமைப்பார்களோ அதையே அந்த ஓவியர் வைத்தார். சக்சாய்வாமானுக்கு டாக்ஸியில் மேலே போய் நடந்து இறங்குங்கள், மிகப் பெரிய கற்கள் நூறு டன்னைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். தூக்க முடிந்த கற்களையெல்லாம் ஸ்பானியர்கள் வீடும் தேவாலயமும் கட்ட எடுத்துப் போய்விட்டார்கள், முடியாதவைதான் மிஞ்சி நிற்கின்றன.

ஜூன் 24 இந்தி ராய்மி, சூரியத் திருவிழா. உங்கள் தேதி அதைத் தொட்டால் ஹோட்டலை இப்போதே போடுங்கள். ஸ்பானியர்கள் தடுத்த விழா, 1944இல் மறுபடி தொடங்கினார்கள், முழுக்க இன்காக்களின் மொழியான கெச்சுவாவில் நடக்கும்.

கெச்சுவா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சின்சேரோ சந்தையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் எண்ணவும் நலம் விசாரிக்கவும் கற்றுக்கொண்டேன், பிறகு ஊருக்கு வந்து இலக்கணம் கொஞ்சம் படித்தேன். வீடு அவர்களுக்கு வாசி. வீடுகள் வாசிகுனா. வீடுகளில் வாசிகுனாபி. நம்மைப் போலவே சொல்லின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறார்கள், வினை கடைசியில் வருகிறது. இன்னும் அழகு, கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ வேறு, அவரை விட்டுச் சொல்லும் ‘நாங்கள்’ வேறு, நம்மைப் போலவே. ஸ்பானிய மொழியில் இந்த வேறுபாடு கிடையாது. இதை வைத்து இன்காக்களும் தமிழர்களும் உறவு என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள், உலகில் உறவே இல்லாத பல மொழிகள் இப்படி அமைந்திருக்கின்றன. ஆனால் உறவு இல்லாமலே ஒரு தமிழருக்கு அந்த மொழியின் உட்புறம் சட்டென்று பிடிபடும் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். நன்றிக்கு ‘சுல்பாய்கி’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

சாப்பாடு. சைவம் கஷ்டம் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். குஸ்கோவிலும் பள்ளத்தாக்கிலும் சைவ உணவகங்கள் இருக்கின்றன, கஷ்டம் சிறிய ஊர்களில்தான். ‘கார்னே’ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும், ஏனென்றால் அந்தச் சொல் அவர்களுக்குப் பெரும்பாலும் மாட்டிறைச்சி. ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ’ என்று முழுதாகச் சொல்லுங்கள், கறி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். அதற்கு மேலும் ஒரு பொறி இருக்கிறது: கினோவா சூப்பில் காய்கறி மட்டும்தான் தெரியும், ஆனால் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள். ‘சின் கால்தோ தே போயோ’ என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். சிஃபா என்று பெயர்ப்பலகை போட்ட சீனக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, அங்கே காய்கறி வறுத்த சோறு கேட்டு வாங்கலாம். சாலையோரம் பெண்கள் விற்கும் ‘சோக்லோ கோன் கேசோ’வை விடாதீர்கள், விரல் நுனி அளவு மணி உள்ள வெள்ளைச் சோளம், அவித்தது, கூடவே ஒரு துண்டு புதுப் பாலாடைக்கட்டி. அதோடு காரத் துவையல் ஒன்று தருவார்கள், அம்மாவுக்கு நாக்குக்கு உயிர் வரும்.

குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் ஒரு காலை முழுக்கச் செலவிடுங்கள். சிரிமோயா என்ற பழத்தைப் பிளந்தால் நம் சீத்தாப்பழத்தின் பெரியப்பா மகன் என்று பார்த்தவுடன் தெரியும், ஒரே தாவரக் குடும்பம். உருளைக்கிழங்கு ஊதா, மஞ்சள், சிவப்பு, முடிச்சு முடிச்சாக. நம் வீட்டுப் பொரியலில் இருக்கும் கிழங்கின் தாய்வீடு இந்த மலைகள்தான், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே விளைகிறது. ஆயிரக்கணக்கான வகைகளை இன்றும் உழவர்கள் காப்பாற்றுகிறார்கள். ஜூன் மாத உறைபனி ராத்திரிகளில் கிழங்கை வெளியே பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தால் சுன்யோ. வற்றல் மாதிரி ஆண்டுக்கணக்கில் கெடாது. கல்போல் கெட்டியாக, லேசாக, கறுப்பாகக் கிடக்கும் அதைச் சந்தையில் கையில் எடுத்துப் பாருங்கள், இன்கா படைகளும் கட்டுமானக் கூட்டங்களும் வயிறு நிறைந்தது அதனால்தான்.

லிமாவுக்குத் தொடக்கத்தில் இரண்டு ராத்திரி போதும், நேர மாற்றத்துக்கு. லார்கோ அருங்காட்சியகம் கட்டாயம் பாருங்கள், இன்காக்கள் ஒரு நூற்றாண்டு ஆண்டவர்கள்தான், அவர்களுக்கு முன்னால் அந்த மண்ணில் எத்தனை நாகரிகங்கள் இருந்தன என்பது அங்கே தெரியும். தெருவில் போனைக் கையில் நீட்டிப் பிடித்து நடக்காதீர்கள். கிழிந்த டாலர் நோட்டை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள், புது நோட்டாகக் கொண்டுபோங்கள்.

டிட்டிகாகாவையும் நாஸ்காவையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்தால் நான்கு நாள் பஸ்ஸிலும் விமான நிலையத்திலும் போகும். வானவில் மலை அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

விசா பற்றி: செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குப் பெரு சுற்றுலா விசா தேவையில்லை, குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். உங்கள் இருவரிடமும் அது இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவரிடம் இல்லை என்றால் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இப்போதே தொடங்குங்கள். இன்னொன்று பலர் மறப்பது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். இந்தியா திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லை என்றால் தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால் அம்மாவுக்கு டாக்டர் ஆலோசனை முதலில், கூடாது என்றால் அதற்கான மருத்துவ விலக்குச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வானவில் மலைக்கு வைத்திருந்த நாளுக்கு மாற்று. நீங்கள் போவது ஜூன் முதல் பாதி என்றால், குஸ்கோவிலிருந்து தெற்கே மூன்று நான்கு மணி நேரத்தில் கெஸ்வாசாகா என்ற இடம் இருக்கிறது. அபுரிமாக் ஆற்றின் மேல் 28 மீட்டர் நீளப் புல் பாலம். ஆணி இல்லை, கம்பி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நான்கு ஊர்க்காரர்கள் கூடிப் பழையதை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாக முறுக்குகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பெண்கள் திரித்த சிறு கயிறு வந்து சேரும், அதை முறுக்கி நடுத்தரக் கயிறு, அதைப் பின்னி ஆள் தொடை தடிமனுக்கு வடம். மூன்று நாள் வேலை, நான்காம் நாள் விழா. கொரோனா காலத்தில் ஒரு வருஷம் முறுக்காமல் விட்டதில் 2021 மார்ச்சில் அது அறுந்து விழுந்தது, அந்த ஜூனிலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். உயரம் சுமார் 3,700 மீட்டர், அதற்குள் அம்மாவுக்குக் குஸ்கோ பழகியிருந்தால் காரிலேயே பாலம் தெரியும் இடம் வரை போகலாம், இறங்கி நடக்க வேண்டியது கொஞ்சம்தான். இரண்டாவது நாள் போங்கள், அன்றுதான் இரு கரையிலும் ஆட்கள் நின்று வடத்தை இழுத்துக் கட்டுவார்கள். விடிகாலை ஐந்து மணிக்கே குஸ்கோவிலிருந்து கிளம்ப வேண்டும், தடித்த ஸ்வெட்டர், தொப்பி, மதியச் சாப்பாடு மூன்றும் கையோடு இருக்கட்டும், அங்கே சைவச் சாப்பாடு கிடைக்காது.